இந்து சமுத்திரமும் எங்கள் வேலியும்

உலகத்தில் எந்த மூலையில் குண்டு விழுந்தாலும், அதனால் படையினர் பிடித்து வைத்திருக்கும் எங்கள் காணி விடுபடுமா விடுபடாதா என்று உடனே சொல்லிவிடக்கூடிய ஒரு மனிதர் தெல்லிப்பழைப் பக்கத்தில் இருக்கிறார். எங்கள் மீள்குடியேற்றச் சங்கத்தின் தலைவர். ஊரில் அவரைத் தலைவர் என்றே கூப்பிடுவார்கள், நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். காலையில் சனசமூக நிலையத்துக்குப் பத்திரிகை வந்ததும் முதற்பக்கம் அவர் கைக்குப் போகும். மரண அறிவித்தல் பக்கம் எனக்கு. நான் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியன். என் வயதில் தெரிந்த பெயர்கள் அந்தப் பக்கத்தில்தான் வருகின்றன.

"பாத்தீரே மாஸ்டர், ஐரோப்பாவிலை சண்டை துவங்கீட்டுது. இனி அமெரிக்கன் இஞ்சாலை திரும்பிப் பாக்கான். எங்கடை காணி இன்னும் அஞ்சு வருசத்துக்கு இழுபடும்" என்பார்.

அடுத்த மாதம் தெற்கே ஒரு துறைமுகத்தில் சீனக் கப்பல் வந்து நிற்கும். தலைவருக்கு முகமெல்லாம் வெளிச்சம். "இனி இந்தியா சும்மா இராது. வடக்கைத் தன்ரை பக்கம் வைச்சிருக்க எங்களுக்கு எதையாவது செய்தே ஆகோணும். எழுதி வையும், தைப்பொங்கலுக்கு எங்கடை முத்தத்திலைதான் பொங்கல்."

தைப்பொங்கல் வரும். தலைவர் தன் மகளின் வீட்டு முற்றத்தில் பொங்குவார். கேட்டால் மத்திய கிழக்கு குழம்பிவிட்டது என்பார்.

எனக்குப் பொறுமை குறைவு. "இந்து சமுத்திரத்தை ஒருக்கா விடுங்கோ தலைவர். எங்கடை ஒழுங்கையைப் பற்றிக் கதையுங்கோ" என்று பலமுறை சீறியிருக்கிறேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்ப்பார். "உமக்குப் பூகோள அரசியல் விளங்காது மாஸ்டர்."

எனக்கும் ஓரளவு விளங்கும். முப்பது வருடத்துக்கு மேலாகச் செய்தி கேட்டு வருகிறேன். ஒரு வெளிநாடு 'அவதானித்து வருகிறோம்' என்று அறிக்கை விட்டால், கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். 'கரிசனை கொண்டுள்ளோம்' என்றால் பிரித்துப் படித்தும் இருக்கிறார்கள். 'ஆழ்ந்த கரிசனை' என்றால் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டார்கள். அதற்கு மேலே ஒரு படி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊரில் ஜெனிவா என்பது ஓர் இடமல்ல, பருவம். மாமரம் பூக்கிற நாட்களில் ஜெனிவா மனித உரிமைக் கூட்டமும் வரும். எல்லாரும் வானொலியைக் கூட்டி வைப்பார்கள், பத்திரிகையில் எழுத்துப் பெரிதாகும், பிறகு பூவும் உதிரும், ஜெனிவாவும் முடியும். "அடுத்த பங்குனியிலை பாப்பம்" என்று தலைவர் பத்திரிகையை மடிப்பார்.

சங்கத்தில் உலக அரசியல் பேசாத ஒரே ஆள் என்னுடைய அக்கா. பேசத் தெரியாமல் அல்ல. அவருக்கு ஒரு வீடு மட்டும் வேண்டும்.

அந்த வீட்டில்தான் நாங்கள் இருவரும் பிறந்தோம். அக்காவுக்குச் சீதனமாகக் கொடுத்தது, எனக்கு அதில் ஓர் ஓடுகூட இல்லை. சண்டைக் காலத்தில் ஊரே ஓடியபோது அக்காவும் ஓடினார். பிறகு சண்டை முடிந்து, ஊரில் பாதியை விட்டார்கள். அக்காவின் வீட்டுக்குப் போகிற ஒழுங்கைக்கு முன்னால் முள்ளுக்கம்பி நின்றுவிட்டது. கம்பிக்கு இந்தப் பக்கத்தில் சனசமூக நிலையம், அந்தப் பக்கத்தில் படையினர். அக்கா இன்றைக்கும் கொழும்புத்துறையில் வாடகை வீட்டில், கடலேரிக் காற்றில் துருப்பிடிக்கும் சன்னல்களோடு இருக்கிறார். மகள் கனடாவில் இருந்து வா வா என்று அழைக்கிறாள். அக்கா போகமாட்டார்.

"நான் பிளேன் ஏற, அவங்கள் காணியை விட்டாங்கள் எண்டால் ஆர் போய் எடுக்கிறது?" என்பார்.

அக்காவின் கணவர், என் அத்தான், காலமாகிவிட்டார். அதற்குப் பிறகு அக்காவின் ஆசை இன்னும் சுருங்கிவிட்டது. "சாகிறதுக்கிடையிலை ஒருநாளெண்டாலும் அந்த அடுப்படியிலை உலை வைக்கோணும் தம்பி. பேந்து என்னவும் நடக்கட்டும்." இதைச் சொல்லும்போது அவர் அழுவதில்லை. சந்தைக்குப் போய் வர வேண்டும் என்பதுபோலத்தான் சொல்வார்.

தலைவரின் வளவும் அக்காவின் வளவும் பக்கத்துப் பக்கம். நடுவில் கதியால் தடிகள் நட்டு ஓலை கட்டிய வேலி. வருடத்துக்கு ஒருமுறை வேலி அடைக்கும்போது அந்தக் கதியால்கள் ஒரு சாண் தன் பக்கம் நடந்து வந்ததாக அக்கா சொல்வார். இல்லை, தன் பக்கம்தான் நடந்து வந்தன என்பார் தலைவர். இரண்டு வீட்டாரும் அப்புக்காத்தரைப் பார்த்து, வழக்குப் போட ஆயத்தமான கிழமையில் ஷெல் விழத் தொடங்கியது. எல்லாரும் ஒரே உழவு மெசினின் பெட்டிக்குள் ஏறி ஓடினார்கள். அக்காவின் தையல் மெசின் தலைவரின் மடியில் இருந்தது. வழக்கு அப்படியே நின்றுபோனது.

இப்படியிருக்க, ஒரு ஐரோப்பிய நாட்டுத் தூதுவர் எங்கள் சங்கத்தைச் சந்திக்க வருகிறார் என்று செய்தி வந்தது.

புதிதாக வருகிற தூதுவர்கள் யாழ்ப்பாணம் வந்தே ஆகவேண்டும். நூலகத்துக்கு முன்னால் நின்று படம் எடுக்க வேண்டும். பிறகு ஹோட்டல் ஒன்றில் சிவில் சமூகத்தைச் சந்திக்க வேண்டும். சிவில் சமூகம் என்றால் யாழ்ப்பாணத்தில் வேட்டி வெளுப்பாக உள்ள, ஆங்கிலம் தெரிந்த ஓய்வூதியக்காரர்கள் என்று கொள்ளலாம். இந்த முறை வந்தவர் ஒரு பெண். ஹோட்டல் வேண்டாம், காணி இழந்த சனத்தை அவர்களின் இடத்திலேயே பார்க்க வேண்டும் என்று சொன்னாராம். எங்களுக்கு முக்கால் மணித்தியாலம் ஒதுக்கியிருந்தார்.

ஆயத்தக் கூட்டம் கூடினோம். தூதுவரிடம் என்ன கேட்பது என்பதைப் பற்றி அந்தக் கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. குத்துவிளக்கை எங்கே இரவல் வாங்குவது, பொன்னாடையை யார் போர்த்துவது, முன்வரிசையில் யார் இருப்பது என்று பொழுது போனது. பொருளாளர் எழும்பி, "அவ மச்சம் மாமிசம் சாப்பிடுவாவோ?" என்று கேட்டார்.

"வெள்ளைக்காரி சாப்பிடாமல்?"

"வெள்ளிக்கிழமையெல்லோ. நாங்கள் என்னெண்டு மச்சம் குடுக்கிறது?"

இது பெரிய விவாதமாகப் போய், மரக்கறி றோல்ஸும் வடையும் என்று முடிந்தது. உலக நாடுகள் ஒரு தீர்மானத்தை இவ்வளவு பாடுபட்டு நிறைவேற்றியிருக்குமோ தெரியாது. கூட்டம் கலைகிற நேரத்தில் அக்கா கையை உயர்த்தினார்.

"எனக்கு ரெண்டு நிமிசம் தாங்கோ. நான் என்ரை வீட்டைப் பற்றிச் சொல்லோணும்."

"அக்காக்கு இல்லாமலோ?" என்றார் தலைவர். "கடைசியிலை தாறம். கடைசியாக் கதைக்கிறதுதான் அவவின்ரை மனதிலை நிக்கும்."

அக்கா அதை நம்பினார். நானும் நம்பினேன் என்பதை நினைக்க இப்போதும் எரிச்சல் வருகிறது.

அந்த வெள்ளிக்கிழமை தூதுவர் சொன்ன நேரத்துக்கே சனசமூக நிலையத்துக்கு வந்துவிட்டார். அதுவே எங்களுக்கு முதல் அதிர்ச்சி. பொன்னாடை வாங்கப் போன மோட்டார் சைக்கிள் இன்னும் வரவில்லை. சரி, விளக்கை ஏற்றுவோம் என்று தொடங்கினோம். மின்விசிறி சுற்றினால் திரி அணைந்தது, நிறுத்தினால் தூதுவர் வியர்த்து வழிந்தார். ஒவ்வொரு திரிக்கும் ஒவ்வொரு பிரமுகராக மேடைக்கு அழைத்தார்கள். எங்கள் சங்கத்தில் பிரமுகர் அல்லாதவர் யாரும் இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பிறகு தேவாரம், மௌன அஞ்சலி, வரவேற்புரை. வரவேற்புரை நடக்கும்போது பொன்னாடை வந்து சேர்ந்ததால் உரையை நிறுத்திவிட்டுப் போர்த்தினார்கள். போர்த்திய பிறகு உரையை முதலில் இருந்து தொடங்கினார்கள்.

நான் மொழிபெயர்ப்பாளராகத் தூதுவருக்குப் பக்கத்தில் நின்றேன். கொழும்பில் இருந்து அவரோடு வந்த மொழிபெயர்ப்பாளரைத் தலைவர் ஏற்கவில்லை. "எங்கடை நோவை எங்கடை ஆள்தான் சொல்லோணும்" என்று என்னை நிறுத்தியிருந்தார்.

தலைமையுரைக்குத் தலைவர் எழும்பினார். போர்த்துக்கேயர் கப்பலில் இருந்து இறங்கினார்கள். நான் மொழிபெயர்த்தேன். ஒல்லாந்தர் வந்தார்கள். மொழிபெயர்த்தேன். ஆங்கிலேயர் வந்து திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபோது தூதுவரின் உதவியாளர் கைபேசியைப் பார்த்தார். மலாக்கா நீரிணை வழியாக எத்தனை எண்ணெய்க் கப்பல்கள் போகின்றன என்று தலைவர் விளக்கத் தொடங்கியதும் எனக்குச் சூடேறிவிட்டது. அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், "எங்கள் பகுதி முக்கியமான இடத்தில் இருக்கிறது என்கிறார்" என்று ஆங்கிலத்தில் ஒரே வசனத்தில் முடித்தேன்.

தலைவர் திரும்பிப் பார்த்தார். "என்ன மாஸ்டர், நான் இவ்வளவு நேரம் கதைச்சதுக்கு நீர் இவ்வளவுதானோ சொன்னனீர்?"

"ஆங்கிலம் சுருக்கமான பாசை தலைவர்."

"மலாக்காவைச் சொன்னனீரோ?"

"சொன்னனான்."

"எனக்குக் கேக்கேல்லை. திருப்பிச் சொல்லும்."

மலாக்கா என்றேன். தூதுவர் தலையாட்டினார். பாவம், அந்த மனுசி கடைசிவரை தலையாட்டியபடியே இருந்தார். காணி என்ற சொல் தலைமையுரையில் ஒருமுறை வந்தது, அதுவும் பனாமாக் கால்வாயைப் பற்றிச் சொல்லும்போது.

உதவியாளர் எழுந்து, நேரம் முடிந்துவிட்டது, நூலகத்தில் காத்திருக்கிறார்கள் என்றார். நான் தலைவரின் காதில், "அக்காவின்ரை ரெண்டு நிமிசம்?" என்று கேட்டேன். தலைவர் ஒரு கணம் முழித்தார். பிறகு ஒலிவாங்கியைப் பிடித்து, "அடுத்ததாக நன்றியுரை" என்று அறிவித்து அக்காவின் பெயரைச் சொல்லிவிட்டார்.

யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டம் எதை விட்டாலும் நன்றியுரையை விடாது. தலைபோகிற அவசரமென்றாலும் ஒருவர் எழும்பி ஒலிபெருக்கிக்காரர் வரைக்கும் நன்றி சொன்ன பிறகுதான் சனம் கதிரையை விட்டு எழும்பும். வீட்டைப் பறிகொடுத்தவளைக் கொண்டு நன்றி சொல்லுவிக்கிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில் தலைவரைக் குத்துவிளக்கால் அடித்திருப்பேன், விளக்கு இரவல் என்பதால் விட்டேன்.

அக்கா அவசரப்படாமல் முன்னால் வந்தார். சேலைத் தலைப்பால் ஒலிவாங்கியைத் துடைத்தார்.

"வந்த பிள்ளைக்கு நன்றி," என்று தூதுவரைப் பார்த்துத் தொடங்கினார். தூதுவருக்கு ஐம்பது வயதாவது இருக்கும். "றோல்ஸ் சுட்டவைக்கு நன்றி. தலைவருக்கு நன்றி, அவர் எங்களை உலகமெல்லாம் கூட்டிக்கொண்டு போனவர்." பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. "உந்தக் கம்பிக்கு அங்காலை இருக்கிற ஆமிப் பிள்ளையளுக்கும் நன்றி சொல்லோணும். என்ரை கிணத்திலைதான் அவை அள்ளிக் குளிக்கினம் எண்டு கேள்வி. அள்ளாத கிணறு தூந்துபோம். அவை அள்ளுற படியால் அது இன்னும் இருக்கு. ஆனால் ஒண்டை அவைக்குச் சொல்லிவிடு பிள்ளை. கிணத்துக்குச் சொந்தக்காரி சாகேல்லை, கொழும்புத்துறையிலை இருக்கிறாள். எப்ப வரலாம் எண்டு கேட்டவள் எண்டு சொல்லு."

இதை நான் ஒரு சொல்லும் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். கடைசி வசனத்தில் என் குரல் உடைந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

தூதுவர் தலையாட்டவில்லை. உதவியாளரிடம் ஏதோ சொன்னார், உதவியாளர் நூலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். பிறகு தூதுவர் அக்காவின் பக்கம் திரும்பி, "அந்த வீட்டை எனக்குக் காட்டுவீர்களா?" என்று கேட்டார். நான் சொல்லி முடிப்பதற்குள் அக்கா படியில் இறங்கிவிட்டார்.

"வா பிள்ளை, காட்டுறன். உதிலைதான்."

முள்ளுக்கம்பி அங்கிருந்து நடக்கிற தூரம். தூதுவர், உதவியாளர், அக்கா, நான், கூப்பிடாமலே தலைவர். காவலில் நின்ற சிப்பாய்க்கு உதவியாளர் சிங்களத்தில் விளங்கப்படுத்தினார். கம்பிக்கு வெளியே நின்று பார்க்கலாம், படம் எடுக்கக்கூடாது என்று சொல்லி அவன் ஒதுங்கினான்.

கம்பிக்கு அப்பால் நான் பார்த்தேன். இப்பில் இப்பில் என்று சொல்கிற காட்டு மரங்கள் ஆளுயரத்துக்கு மேல் அடர்ந்து நின்றன. தலையில்லாத பனைகள் சில. பச்சைத் தகரக் கூரையோடு ஒரு நீளக் கட்டடம், அது எங்கள் காலத்தில் இல்லை. பற்றைக்குள் ஆங்காங்கே சுவர்த் துண்டுகள். வளைந்து போன எங்கள் ஒழுங்கையைக் காணவில்லை, நேராக ஒரு பாதை வெட்டியிருந்தார்கள். பிறந்து வளர்ந்த இடத்தில் எதைப் பிடித்து எதைக் கண்டுகொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"எது உங்கள் வீடு?" தூதுவர் கேட்டார்.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். இடமிருந்து வலமாகப் பார்த்தார். பிறகு கையை நீட்டி ஒரு சுவர்த் துண்டைக் காட்டினார். "உதுதான்."

தலைவரால் எப்படிப் பேசாமல் இருக்க முடியும்? "அக்கா, உது எங்கடை மாட்டுக்கொட்டில்."

"உம்மடை கொட்டிலோ? கொட்டில் கிழக்காலையெல்லோ நிண்டது."

"கிழக்காலை நிண்டது உங்கடை கக்கூசு."

"ஓ, எங்கடை கக்கூசு வரைக்கும் உம்மடை கதியால் வந்தது உண்மைதான். வருசம் வருசம் தள்ளித் தள்ளி நட்டனீரெல்லோ."

"நான் ஒரு கதியாலும் தள்ளேல்லை. உங்கடை அவர்தான் விடியப்புறத்திலை எழும்பி..."

"செத்த மனுசனை இழுக்காதையும்!"

"எழுபது வயசிலை நான் பொய் சொல்லுவனே? உந்தச் சுவருக்கு மேற்காலை ஒரு முழம் எங்கடை!"

"ஒரு சாணும் இல்லை!"

சிப்பாய் துவக்கைத் தோளில் சரிசெய்துகொண்டு இவர்களைப் பார்த்தான். இரண்டு வளவும் அவன் காவலில் இருக்கின்றன, இவர்கள் நடுவேலிக்கு அடிபடுகிறார்கள். உலகத்தில் வேறெந்தச் சாதிச் சனமும் இதைச் செய்யாது. எனக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக வந்தன.

"என்ன பேசுகிறார்கள்?" தூதுவர் என்னிடம் கேட்டார்.

நான் ஒரு கணம் யோசித்தேன். "இரண்டு வீட்டாரும் நெடுநாள் அயலவர்கள். எல்லை பற்றிய விவரங்களை நினைவுபடுத்திக்கொள்கிறார்கள்" என்றேன். வெளிநாட்டமைச்சு ஒன்றில் எனக்கு வேலை கிடைத்திருக்கலாம்.

தூதுவர் நம்பினார். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் ஒவ்வொரு அடியும் இவர்களுக்குத் தெரிகிறதே என்று வியந்தார். அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, இதில் தமக்கு ஆழ்ந்த கரிசனை இருப்பதாகச் சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னேன். ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

நாங்கள் மூவரும் கம்பிக்கு முன்னால் நின்றோம். தலைவரின் கோபம் இறங்கியிருந்தது.

"அக்கா," என்றார். "நீங்கள் காட்டினது உங்கடை வீடு இல்லை."

"அப்ப எது? காட்டும் பாப்பம்."

தலைவர் கம்பிக்குள்ளே பார்த்தார். கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். பச்சைக் கூரையை, பனைகளை, பற்றையை எல்லாம் பார்த்தார்.

"எனக்கு ஒண்டும் பிடிபடேல்லை அக்கா. எங்கடை வீடுகூட எது எண்டு தெரியேல்லை."

"எனக்கும் தெரியேல்லை," என்றார் அக்கா.

"அப்ப ஏன் அவவுக்கு முன்னாலை உதுதான் எண்டு அடிச்சுச் சொன்னனீங்கள்?"

அக்கா தலைவரைப் பார்க்கவில்லை. அந்தச் சுவர்த் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியேல்லை எண்டு சொன்னால், தெரியாத வீடு உனக்கு என்னத்துக்கு எண்டு கேப்பினமெல்லோ."